தன் கையால் ஆயில் மாற்றியவர்

"கல்பகம்! துணி கொண்டா! கண்ணுல ஆயில்!"

அம்பாசிடர் காரின் அடியிலிருந்து வந்த குரல் சாரங்கபாணியுடையது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த கால்களும் அவருடையவைதான். ஆயில் வடிக்கிற போல்ட்டைக் கழற்றினால் பழைய ஆயில் கீழே ஒழுகும் என்று கார் புத்தகத்தில் போட்டிருந்தது. முகத்தில் ஒழுகும் என்று போடவில்லை.

அவர் மனைவி கல்பகம் பழைய வேட்டிக் கிழிசலோடு ஓடி வந்தாள்.

"ஏன்னா, பேசாம காசிம் பாயைக் கூப்பிட்டிருக்கலாமே? எப்பவும் அவர்தானே வந்து மாத்துவார்?"

"காசிம் பாய் பேச்சை எடுக்காதே. சாயங்காலம் உங்கண்ணா வரார். அதுக்குள்ள என் கையாலயே மாத்தியாகணும்."

விஷயம் இதுதான். போன தை மாதம் மாம்பலத்தில் ஒரு கல்யாணம். சொந்தக்காரர்கள் எல்லோரும் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது, கல்பகத்தின் அண்ணா வரதராஜன் ரசத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "நம்ம மாப்பிள்ளை அடுத்தவா பண்ணினதைச் செக் பண்ணத்தான் லாயக்கு. தானா ஒண்ணு பண்ணத் தெரியாது." பந்தியே சிரித்தது. பரிமாறுகிறவன் கூடச் சிரித்தான். சாரங்கபாணிக்குப் பாயசம் இறங்கவில்லை. "ஹைதராபாத் வாங்கோ. என் வண்டிக்கு நானே ஆயில் மாத்தி, அதே வண்டியில உங்களை ஸ்டேஷன்லேந்து அழைச்சிண்டு வரேன்!" என்று அங்கேயே சவால் விட்டுவிட்டார்.

வரதராஜன் சொன்னதில் தப்பும் இல்லை. மௌலா அலி பக்கத்தில் ஓர் அரசாங்கத் தொழிற்சாலையில் சாரங்கபாணி தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. பதினெட்டு வருஷமாக அவர் உத்தியோகமே மற்றவர்கள் மூடி வைத்ததைத் திறந்து பார்ப்பதுதான். மூடியிருக்கிற எதையும் நம்பக் கூடாது என்பது அவர் பிரிவின் வேதம். வீட்டிலும் அப்படியே. கல்பகம் ஊறுகாய் ஜாடியை மூடினால் இவர் ஒரு தடவை திறந்து பார்த்து மூடுவார்.

பழைய ஆயில் எல்லாம் வடிந்து இரும்பு பேசினில் கரேலென்று நின்றது. சாரங்கபாணிக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தியா? பாதி வேலை முடிஞ்சுது!"

"முதல்ல சாப்பிட வாங்கோ. பொங்கல் ஆறிண்டிருக்கு."

பொங்கலைப் போட்டுவிட்டு, "தோ, மோர் கொண்டு வரேன்" என்று போனாள் கல்பகம். மோர் வரக் கொஞ்சம் நேரமாயிற்று. உறையூற்றித் தோய்த்துக் கொண்டு வருகிறாளோ என்று அவர் நினைக்கிற அளவுக்கு நேரமாயிற்று.

திரும்பி வந்து காருக்கடியில் படுத்தவர் திகைத்துப் போனார். போல்ட் அதன் இடத்தில் கெட்டியாகப் பூட்டியிருந்தது.

"கல்பகம், நான் சாப்பிட வரச்சே போல்ட்டைப் போட்டுட்டா வந்தேன்?"

"போட்டுட்டுத்தான் வந்திருப்பேள். நீங்க எதையும் பாதியில விடற மனுஷனா?"

அது நியாயமாகப் பட்டது. மறந்தாலும் கை தன் வேலையைச் செய்திருக்கிறது என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டார். அடுத்தது ஃபில்டர். அதன் இரும்புக் கிண்ணத்தைக் கழற்றிப் பழைய ஃபில்டரை எடுத்தார். புதியதைப் போட வேண்டுமென்றால் அதோடு ஒரு ரப்பர் வளையமும் போட வேண்டும். வளையம் எங்கே? சட்டைப் பையில் இல்லை. கார் சீட்டில் இல்லை.

"பூஜை அலமாரியில வெச்சேளோ என்னமோ. நன்னாத் தேடிப் பாருங்கோ" என்றாள் கல்பகம்.

பெருமாள் படத்துக்குப் பின்னால், பஞ்சாங்கத்துக்குள்ளே, கடைசியில் அரிசி டின்னுக்குள்ளே கூடத் தேடிவிட்டு வெறுங்கையோடு வந்தார். வந்து பார்த்தால் ஃபில்டர் கிண்ணம் பூட்டியிருந்தது. புதிய ஆயில் டப்பாக்கள் நாலும் காலியாகக் கிடந்தன. எஞ்சினிலுள்ள அளவுக் குச்சியை உருவிப் பார்த்தார். ஆயில் சரியாக மேல் கோட்டில் நின்றது.

சாரங்கபாணிக்கு வியர்த்துவிட்டது.

பக்கத்து வீட்டு சிலாஸும் அவர் மனைவி மெட்டில்டாவும் அப்போதுதான் சர்ச்சிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். சிலாஸும் அதே தொழிற்சாலைதான்.

"சிலாஸ், ஒரு ஆள் ஒரு வேலையைச் செஞ்சுட்டு, செஞ்சதையே மறந்துடறது உண்டா?"

"ஆமா சார், தாராளமா உண்டு. போன மாசம் நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வந்து ரெண்டு தபா பல்லு வெளக்கினேன். மெட்டில்டா சொல்லித்தான் தெரியும்."

சிலாஸ் கொட்டாவி விட்டபடி தூங்கப் போய்விட்டார். சாரங்கபாணி மட்டும் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். யார் ஊற்றியது? நானா? அப்படியென்றால் எப்போது? ஊற்றியது புது ஆயில்தானா? மூடியிருப்பதை நம்பக் கூடாது. ஒரு சொட்டு சாம்பிள் எடுத்துப் பார்த்துவிட்டால் சந்தேகம் தீர்ந்தது.

"ஐயோ, வேண்டாம்னா! நன்னாத்தானே இருக்கு!" என்று கல்பகம் அலறினாள்.

"உனக்கு இன்ஸ்பெக்‌ஷன்னா என்னன்னு தெரியாது."

அடியில் போய்ப் போல்ட்டைக் கொஞ்சமே கொஞ்சம் தளர்த்தினார். அது கையை விட்டு நழுவி பேசினில் விழுந்தது. நாலு லிட்டரும் பொன்னிறமாக அவர் மூக்கு, மீசை, பனியன் என்று பாரபட்சமில்லாமல் பாய்ந்து, பேசினிலிருந்த கறுப்பு ஆயிலோடு கலந்து, வழிந்து வாசல் கோலத்தை அழித்துக்கொண்டு போயிற்று.

"புது ஆயில்தான்" என்றார் சாரங்கபாணி, ஈனஸ்வரத்தில்.

வேறு வழியில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு மல்காஜ்கிரி பெட்ரோல் பங்குக்கு மிதித்தார். ஞாயிற்றுக்கிழமை வெயில். ரயில்வே கேட் வேறு மூடியிருந்தது. தண்டவாளத்தைப் பார்க்கும்போதெல்லாம் வரதராஜனின் சிரிப்பு காதில் விழுந்தது. ஆயில் டப்பாக்களோடு அவர் வீடு திரும்பியபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

சிலாஸ் தன் வண்டிக்காக வாங்கி வைத்திருந்த ஆயில் டப்பாக்கள் நாலும் பக்கத்துத் திண்ணையில் காலியாகக் கிடந்ததைச் சாரங்கபாணி கவனிக்கவில்லை. போல்ட் மறுபடியும் பூட்டியிருந்தது. இந்தத் தடவை அவர் அசரவில்லை. 'நான்தான் போட்டிருப்பேன். இன்றைக்கு நமக்கு ஞாபகம் சரியில்லை, அவ்வளவுதான்' என்று முடிவு கட்டி, நாலு டப்பாவையும் திறந்தார்.

"ஏன்னா, ஊத்தறதுக்கு முன்னாடி குச்சியை ஒரு தடவை எடுத்துப் பாருங்கோளேன்" என்றாள் கல்பகம் அவசரமாக.

"எதுக்கு? என் மூஞ்சியிலதானே அத்தனையும் கொட்டித்து? காலின்னு எனக்குத் தெரியாதா?"

பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக, பார்க்காமலே ஒன்றை நம்பினார். நாலு டப்பாவையும் கவிழ்த்துவிட்டு, திருப்தியோடு காரை ஸ்டார்ட் செய்தார்.

கார் இருமிற்று. பிறகு குலுங்கிற்று. பிறகு பின்பக்கக் குழாயிலிருந்து நீலப் புகை கிளம்பி, குவார்ட்டர்ஸ் வரிசை முழுவதையும் மூடிவிட்டது. கொடியில் காய்ந்த துணிகள் கண்ணுக்குத் தெரியாமல் போயின. சிலாஸ் தூக்கத்திலிருந்து எழுந்து, லுங்கியோடு ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, எது எரிகிறது என்று தெரியாமல் சாரங்கபாணியின் மேலேயே ஊற்றினார்.

"ஸாரி சார், புகையில ஆள் தெரியலை."

சாரங்கபாணி வண்டியை அணைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தார். அளவுக் குச்சியை எடுத்துப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

"ஆட்டோவுக்குச் சொல்லு, கல்பகம். உங்கண்ணா சொன்னதுதான் சரி. எனக்கு ஒரு மண்ணும் வராது."

கல்பகத்துக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பக்கத்தில் வந்து நின்றாள்.

"அசடு மாதிரிப் பேசாதேங்கோ. ரயில் வர இன்னும் நேரம் இருக்கு. வெந்நீர் போட்டிருக்கேன். தலைக்குச் சீயக்காய் தேய்ச்சு நன்னாக் குளிச்சிட்டு வாங்கோ. ஒரு தடவை போறாது, ரெண்டு தடவை தேய்ங்கோ."

சொன்னபடியே ரெண்டு தடவை தேய்த்துக் குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, இருக்கிற தெய்வத்தையெல்லாம் வேண்டியபடி காரில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்.

எஞ்சின் 'உம்' என்று அடக்கமாகப் பேசிற்று. புகை மருந்துக்குக் கூட இல்லை. இறங்கிக் குச்சியைப் பார்த்தார். ஆயில் மேல் கோட்டில், ஒரு நூல் ஏறாமல் இறங்காமல் நின்றது.

"கல்பகம்! இது எப்படி?"

"எஞ்சின் புதுசா எண்ணெய் கண்டா முதல்ல கொஞ்சம் அடம் பிடிக்கும் போல இருக்கு. அப்புறம் தானா சரியாயிடுத்து. போங்கோ, ரயில் வந்துடப் போறது."

அவர் அதை நம்பினார். நம்புவதற்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

செகந்திராபாத் ஸ்டேஷனிலிருந்து திரும்புகிற வழி முழுக்க வரதராஜன் குறை கண்டுபிடிக்கக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு சத்தம் இல்லை. ஒரு குலுக்கல் இல்லை. வீட்டு வாசலில் இறங்கியதும் அவரே பானெட்டைத் தூக்கச் சொல்லி, குச்சியை உருவி, மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"மாப்பிள்ளை, காசிம் பாயைத் தொட விடலையே?"

"சத்தியமா அந்த மனுஷன் இந்தப் பக்கமே வரலை."

வரதராஜன் குச்சியைத் துடைத்து வைத்தார். கூடத்தில் வந்து உட்கார்ந்து, காப்பி டம்ளரைக் கையில் வாங்கியதும் தொண்டையைக் கனைத்தார்.

"மாப்பிள்ளை, கல்யாணப் பந்தியில நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். அடுத்த கல்யாணத்துல அத்தனை பேர் முன்னாடியும் சொல்றேன், பாருங்கோ. உம்ம கையில வித்தை இருக்கு, ஓய்!"

சாரங்கபாணிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆயில் விழுந்தபோது கூட அப்படிக் கலங்கவில்லை. ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு, "அதெல்லாம் ஒண்ணுமில்லை, பழக்கம்தான்" என்றார் அடக்கமாக. கல்பகம் தலையைக் குனிந்துகொண்டு தட்டில் முறுக்கை அடுக்கினாள்.

அப்போது கொல்லைப்புறச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு மெட்டில்டாவின் குரல் கேட்டது. சர்ச் பாட்டுக் குழுவில் மைக் இல்லாமல் பாடுகிற குரல்.

"கல்பகம்மா, அய்யா ஸ்டேஷன்லேர்ந்து வர்றதுக்குள்ள சொல்லிடறேன்! அடுத்த ஞாயித்துக்கெழமை எங்க வீட்டுக்காரரும் தன் கையாலயே ஆயில் மாத்துறேன்னு நிக்கறாங்க; நானும் உங்களை மாதிரியே அவங்களை ரெண்டு தபா தலைக்குக் குளிக்க அனுப்பிடறேன், நீங்க இன்னைக்குப் போலவே சத்தமில்லாம வந்து மாத்திக் குடுத்துட்டுப் போயிடுங்க!"