துரை வண்டிக்கு நான் கட்டிய ரப்பர் பட்டை

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். என் தங்கையின் கல்யாணத்தன்று மாப்பிள்ளையைக் கடத்திக்கொண்டு போனவன் நான்தான். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. எனக்கு இருந்தது ஒரு வியாதி. எந்த இயந்திரத்தைப் பார்த்தாலும் 'இது ஏன் இப்படி வேலை செய்கிறது?' என்று குடைகிற வியாதி. (அப்பாவின் சைக்கிள் மணியை ஒருதரம் கழற்றிப் பார்த்துவிட்டு மாட்டினேன். அதற்குப் பிறகு அது அடிக்கவே இல்லை. அப்போதே திருந்தியிருக்க வேண்டும்.)

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், மலாயாவில் புலாவ் செபாங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் துரைக்கு டிரைவராக இருந்தேன். வயது இருபத்து மூன்று. காக்கிச் சட்டை, தலை நிறையத் தேங்காயெண்ணெய், தோட்டமே என்னுடையது என்பது போல ஒரு நடை. துரையிடம் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருந்தது. கூரை கிடையாது, இரண்டே பேர் உட்காரலாம். சிங்கப்பூரில் வேறொரு துரை ஓட்டித் தேய்த்துவிட்டு விற்றது. அதை மட்டும் துரை தானே ஓட்டுவார். முன்னால் நின்று ஹேண்டிலைச் சுற்றி உயிர் கொடுப்பது மட்டும் என் வேலை.

அந்த வண்டிக்கு விடியற்காலைக் குளிர் ஆகாது. துரையோ இருட்டு பிரிவதற்குள் பெரட்டுக்கு, அதாவது ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் இடத்துக்கு, போயாக வேண்டும். குளிர்ந்த இஞ்சினைக் கிளப்ப 'சோக்' என்ற பிடியை இழுத்துக் காற்றைக் குறைக்க வேண்டும். கிளம்பிய இஞ்சின் அணையாமல் இருக்க இன்னொரு பிடியை நகர்த்தி அதன் ஓட்டத்தைக் கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டும். சூடேறியதும் இரண்டையும் பழைய இடத்துக்குத் தள்ள வேண்டும். துரை ஒன்றை இழுப்பார், மற்றதை மறப்பார். வண்டி நாலு இருமல் இருமிவிட்டு அணைந்து போகும். நான் மறுபடி சுற்றுவேன்.

"டிரைவர், இந்த வண்டிக்கு தினம் காலையில் காய்ச்சல் வருது," என்பார் துரை, அவருடைய தமிழில்.

எனக்குத் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், வலியைவிட ஆசைதான் பெரிதாக இருந்தது. இரண்டு பிடிகளையும் ஒன்றாகக் கட்டிவிட்டால் என்ன? சோக்கை இழுத்தால் ஓட்டமும் தானாகக் கூடவேண்டும். சோக்கைத் தள்ளினால் ஓட்டமும் தானாகக் குறையவேண்டும். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. தட்டிலேயே கருவாட்டு முள்ளை வைத்து இழுத்து இழுத்துப் பார்த்தேன். "அண்ணனுக்குக் காத்து கருப்பு அண்டிருச்சும்மா," என்றாள் தங்கை பாக்கியம்.

இழுக்க ஒரு கம்பி வேண்டும். இஞ்சினை அணைக்கும் ஸ்விட்சிலிருந்து நல்ல கம்பி ஒன்று போய்க்கொண்டிருந்தது. அணைந்து போவதுதான் இந்த வண்டியின் நோயே, இதை அணைப்பதற்கு ஒரு கம்பி வேறா? பிடுங்கிவிட்டேன். (ஓட்டத்தை அடியோடு குறைத்தாலே இஞ்சின் தானாக அணைந்துவிடும். ஒரு வாரம் அப்படித்தான் சமாளித்தேன்.) திருப்பி இழுக்க ஒரு ஸ்பிரிங் வேண்டும். அதுதான் கிடைக்கவில்லை. ஆனால் நான் இருப்பது ரப்பர் தோட்டத்தில்! ரப்பர் ஷீட்டில் விரல் அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டி, கார்புரேட்டருக்குப் பக்கத்தில் இழுத்துக் கட்டினேன்.

மறுநாள் காலை ஒரே சுற்றில் வண்டி கிளம்பியது. துரை ஒரே பிடியை இழுத்தார், தள்ளினார், அவ்வளவுதான். அந்த வாரம் முழுவதும் நான் யாரோடும் நேராகப் பேசவில்லை. அவ்வளவு பெரிய ஆள் ஆகிவிட்டேன். துரைக்கும் ஏக சந்தோஷம். "உன் தங்கச்சி கல்யாணத்துக்கு இந்தக் காரை எடு," என்றார்.

இங்கே பாக்கியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். முந்தின வருஷம் அவளுக்குப் பேசி முடித்திருந்தவன், கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது சிங்கப்பூர் ரயிலில் ஏறினான். திரும்பவே இல்லை. போட்ட பந்தலைப் பிரித்தோம். அதிலிருந்து அவள், மற்றப் பெண்கள் எல்லாம் போன பிறகுதான் குழாயடிக்குத் தண்ணீர் எடுக்கப் போவாள். இந்த மாப்பிள்ளை தங்கராசு கிம்மாஸ் ஸ்டேஷனில் சிக்னல் விளக்கு ஏற்றுகிறவர். நல்ல பிள்ளை. ஆனாலும் கல்யாணத்துக்கு முதல் நாள் அவள் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணே, இவராச்சும் வந்துருவாருல்ல?"

"மாப்பிள்ளைய அழைச்சிட்டு வரப் போறது யாரு? நானு. எங்கிட்ட விட்டுரு தாயி."

எங்களில் பெண்ணின் சகோதரன்தான் போய் மாப்பிள்ளையை அழைத்து வரவேண்டும். காலையில் புலாவ் செபாங் ஸ்டேஷனில் தங்கராசு பட்டுத் தலைப்பாகையும் மாலையுமாக நின்றார். அவருடைய தாய்மாமனும் சொந்தங்களும் தோட்டத்து லாரியில் முன்னால் போனார்கள். நான் சோக்கை இழுத்து, ஒரே சுற்றில் வண்டியைக் கிளப்பி, மாப்பிள்ளை கவனிக்கிறாரா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே பிடியைத் தள்ளினேன். வழியெல்லாம் வண்டி வழக்கத்தைவிட ஜோராக ஓடியது. என் கைவண்ணம் என்று பூரித்தேன்.

தோட்டத்து வாசலில் மேளக்காரர்கள் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் மெதுவாக ஊர்ந்து பந்தலுக்குப் போவதுதான் திட்டம். மிதியிலிருந்து காலை எடுத்தேன். வண்டியின் வேகம் குறையவில்லை. ஹாரனை அடித்தேன். நாயனக்காரர் அது தனக்கு மரியாதை என்று நினைத்து இன்னும் பலமாக ஊதினார். கடைசி நொடியில் திரும்பிப் பார்த்து, நாயனத்தோடு பாதையோரச் சாக்கடைக் கான்வாயில் குதித்தார்.

பந்தலில் அம்மா ஆரத்தித் தட்டோடு நின்றாள். "வாங்க வாங்க!" என்றார் அப்பா. நாங்கள் போய்விட்டோம்.

"மச்சான், பந்தல் பின்னாடி போவுதே," என்றார் மாப்பிள்ளை.

"சும்மா ஒரு சுத்து, மாப்பிள்ள. தோட்டத்தப் பாக்க வேணாமா?"

கியரை எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். எடுத்தேன். இஞ்சின் போட்ட கூச்சலில் துரையின் வண்டி வெடித்துச் சிதறும் என்று பயந்து மறுபடி கியரில் போட்டேன். பிரேக்கை மிதித்தேன். அது அந்தக் காலத்துப் பிரேக், என் கெஞ்சலைக் கேட்டுக்கொண்டது, அவ்வளவுதான். பிடியை அடியோடு தள்ளிப் பார்த்தேன், ஓட்டம் குறையவில்லை. ஸ்விட்சைத் திருப்பினேன். திருப்பின பிறகுதான் அதன் கம்பி எங்கே இருக்கிறது என்பது ஞாபகம் வந்தது.

பாதை ரப்பர் ஸ்டோரையும் ஆஸ்பத்திரியையும் சுற்றி மறுபடி எங்கள் லயத்து வீடுகளுக்கே வந்தது. இந்தத் தடவை மாப்பிள்ளையின் தாய்மாமன் நடுவில் நின்றார்.

"டேய்! எங்கடா கொண்டு போற எங்க புள்ளைய? நிறுத்துலா!" என்று கத்திவிட்டு ஒதுங்கினார்.

எங்கள் வீட்டு வாசலில் பாக்கியம் நின்றிருந்தாள். மணப்பெண் வெளியே வரக்கூடாது. வந்து நின்றிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்தேன். இரண்டாவது மாப்பிள்ளையும் அவள் கண் முன்னாலேயே போகிறார், ஓட்டிக்கொண்டு போவது கூடப்பிறந்த அண்ணன். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அழுதுவிட்டேன். அழுதுகொண்டே மாப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கருவாட்டு முள் உட்பட.

தங்கராசு கோபப்படவில்லை. யோசித்தார். "மச்சான், சிக்னல் வெளக்குல காத்து போற ஓட்டைய அடைச்சா பொட்டுன்னு அணைஞ்சிரும். இதுக்கு மூச்சு எங்கேருந்து போவுது?"

காட்டினேன். ரப்பர் பட்டைக்குக் காற்றோட்டம் வேண்டும் என்று இஞ்சினின் பக்கவாட்டுத் தகட்டை நானே கழற்றி வைத்திருந்தேன். (என் முட்டாள்தனங்களில் உருப்பட்டது அது ஒன்றுதான்.) மூன்றாவது தடவையாகப் பந்தலைக் கடந்தோம். அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை பந்தலைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். அடுத்த திருப்பத்தில் தலைப்பாகையைக் கழற்றினார், கதவுக்கு வெளியே படுத்தாற்போலச் சாய்ந்தார், கார்புரேட்டரின் வாயில் அந்தப் பட்டுத் துணியைத் திணித்தார். இஞ்சின் ஒரு விக்கல் விக்கி நின்றது.

முகூர்த்தம் முடியச் சொற்ப நேரமே இருந்தது. இருவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு பந்தலுக்கு வந்தோம். மாலை கிழிந்து, தலை கலைந்து, பெட்ரோல் வாசனையோடு தாலி கட்டினார் தங்கராசு. அக்கினியை மூன்று சுற்று வரச் சொன்னபோது அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். தாய்மாமனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கூட்டம் கலைந்த பிறகு பட்டையைப் போய்ப் பார்த்தேன். ரப்பர் ஊதிப் பெருத்துக் கொழகொழவென்று, ஓட்டத்தைக் கூட்டும் பிடியைத் திரும்ப விடாமல் ஒட்டிக்கொண்டு இருந்தது. வாசனை பழகிய வாசனை. டியூப் பஞ்சருக்குப் பசை வேண்டுமென்றால் ரப்பர் துண்டைப் பெட்ரோலில் ஊறப்போட்டுக் கரைப்பது வழக்கம். மாதாமாதம் ஊறப்போடுகிறவன் யார்? நானே! அதே ரப்பரைப் பெட்ரோல் கசியும் இடத்தில் கட்டிவிட்டு மேதையென்று திரிந்திருக்கிறேன்.

சாயந்திரம் பாக்கியத்தின் முன்னால் போய் நின்றேன். "மன்னிச்சிரு தாயி. ரொம்பப் பயந்துட்டியா?"

"மொத சுத்துல உசுரே போயிருச்சுண்ணே. ரெண்டாவதுல, அட, திரும்பி வராரேன்னு பாத்தேன். மூணாவதுல மொகத்த நல்லாப் பாத்துட்டேன்," என்றாள். சிரித்தாள். "அவன் ஒருவாட்டி போனான், வரவே இல்ல. இவரு போகப் போக வந்துக்கிட்டே இருந்தாரு. இனி எனக்கென்ன பயம்?"

நான் மறுபடி அழுதேன். அன்றைக்கு இரண்டாவது முறை.

மறுநாள் முதல் தோட்டத்துக் குழாயடிக்கு அவள்தான் முதல் ஆள் என்று சொல்ல ஆசை. ஆனால் அவள் கிம்மாஸுக்குப் போய்விட்டாள். கறை படிந்த அந்தத் தலைப்பாகை இன்னும் அவள் பெட்டியில் இருக்கிறது. துரை என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை, இஞ்சின் மூடிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைத் தன்னிடம் வைத்துக்கொண்டார். இப்போது எங்களுக்கெல்லாம் தலை நரைத்துவிட்டது. தங்கராசு பையை எடுத்துக்கொண்டு பசாருக்குக் காய்கறி வாங்கப் புறப்பட்டால், அடுப்படியிலிருந்து பாக்கியம் இன்றைக்கும் கேட்கிறாள்.

"எத்தன சுத்து?"

"மூணு," என்கிறார் அவர். போய்விட்டுத் திரும்பி வருகிறார்.