வலி வெளியே, கை உள்ளே

எத்தாளையில் பெண்ணைப் பெற்ற ஒருவரின் தலையாய கடமை, நிக்காஹ் அன்று மாப்பிள்ளையின் கையைப் பிடித்து மகளை ஒப்படைப்பது. அந்தக் கடமையைச் செய்பவருக்கு வலி என்று பெயர். ஸஃப்னா பிறந்த நாளிலிருந்தே ஜப்பார் அந்த ஒரு வசனத்தைச் சொல்லக் காத்திருந்தார். கொரோனா வந்து ஊரை அடைத்துப் போட்டபோதும் அவர் கலியாணத்தைத் தள்ளிப் போடவில்லை. ஒரு வீட்டு வளவுக்குள் பத்துப் பேர் இருக்கலாம் என்று மேலிடம் பெரிய மனது பண்ணி அனுமதித்திருந்தது.

பத்துப் பேரைத் தெரிவு செய்ததில் ஜப்பாரோடு பாதிச் சொந்தம் கதை பேச்சை விட்டது. பெண், மாப்பிள்ளை முபாரிஸ், அவனுடைய உம்மாவும் வாப்பாவும், நிக்காஹ் நடத்தி வைக்கும் லெப்பை, சாட்சிகள் இருவர், ஜப்பார், மனைவி நஃபீஸா, தங்கச்சி மஹ்மூதா. கணக்குச் சரி. லெப்பை தொண்டையைச் செருமிய நேரம் வாசலில் ஜீப் வந்து நின்றது.

இறங்கி வந்த சுகாதார அதிகாரி ஆட்களை எண்ணினார். பத்து. தன்னையும் எண்ணினார். பதினொன்று. சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்பதால், தன்னை விட்டுவிட்டு எண்ண அவருடைய மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை. ஆகவே மஹ்மூதா வெளியேறினாள். அதிகாரி எண்ணியதைப் பதிய ஓர் எழுதுவினைஞர் வந்தார், முபாரிஸின் வாப்பா போனார். எழுதுவினைஞரைப் பாதுகாக்க ஒரு பொலிஸ்காரர் வந்தார், முபாரிஸின் உம்மா போனார். மூவரும் இடைவெளி விட்டு நிற்கிறார்களா என்று பார்க்க ஒரு கண்காணிப்பாளர் வந்தார். விடியற்காலை முதல் சமைத்துக் களைத்த நஃபீஸா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். கடைசியில், ஜீப்புக்குள் சரியான வெயில் என்று சாரதியும் உள்ளே வந்தார்.

இனி யாரை அனுப்புவது? எல்லோரும் ஜப்பாரைப் பார்த்தார்கள்.

"நான் போக ஏலாது சேர். நான்தான் வலி."

அதிகாரி சட்டென்று பின்வாங்கினார். "வலியா? எங்க வலி? எத்தன நாளா? தடிமன், காய்ச்சலும் இருக்கா?"

இது அந்த வலி அல்ல என்று லெப்பை எவ்வளவோ விளங்கப்படுத்தினார். எந்த வலியாக இருந்தாலும் கூட்டத்தில் வைத்திருப்பது ஆபத்து என்று அதிகாரி முடிவாகச் சொன்னார். 'வலி அகற்றப்பட்டது' என்று எழுதுவினைஞர் பதிந்தார்.

கிடுகு வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தன் சொந்த வீட்டைப் பொத்தலால் பார்த்தபோது ஜப்பாருக்கு அழுகை வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. உள்ளே லெப்பை, வலியின் கை இல்லாமல் நிக்காஹ் நடக்காது, கை மட்டுமாவது உள்ளே வரலாமா என்று கேட்டார். இதுவரை யாரும் கேளாத கேள்வி என்பதால் அதிகாரி மேலிடத்துக்குத் தொலைபேசி எடுத்தார். மேலிடம் அதற்கு மேலிடத்தைக் கேட்டது. பதில் தெளிவாக வந்தது: எண்ணப்படுவது தலை, கைக்குத் தலை இல்லை.

கிடுகை விலக்கிக்கொண்டு ஜப்பாரின் வலது கை உள்ளே வந்தது. முபாரிஸ் பிடித்துக்கொண்டான்.

"என்ட மகள் ஸஃப்னாவ உங்களுக்கு நிக்காஹ் செஞ்சு தந்தேன்" என்று வேலி சொன்னது. குரல் நடுவில் உடைந்தது.

ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் உண்ணும் சஹன் வைக்கப்பட்டது. ஐந்து உத்தியோகத்தரும் மாப்பிள்ளையும் அமர்ந்தார்கள். இடைவெளி விதி பொதுமக்களுக்கே, கடமையில் இருப்பவர்களுக்கு அல்ல. ஆகவே ஐவரும் முழங்காலோடு முழங்கால் முட்ட இருந்தார்கள். பொதுமக்களாகிய முபாரிஸ் ஒரு மீட்டர் தள்ளியிருந்து கையை நீட்டினான். அது எட்டிய நேரம் இறைச்சி முடிந்திருந்தது.

ஏப்பத்தோடு அதிகாரியின் தொலைபேசி ஒலித்தது. முந்தாநாள் செய்த பரிசோதனையின் முடிவு வந்திருந்தது. அவருக்குக் கொரோனா. அவர் தளரவில்லை. உள்ளே இருந்தவர்கள் பதினான்கு நாள் அதே வளவில் தனிமைப்பட வேண்டும் என்று அறிவித்தார். உத்தியோகத்தர்கள் கடமை நிமித்தம் வந்ததால் வந்ததாகக் கணக்கில்லை. இப்படியாக, புதுமணத் தம்பதிகள் லெப்பையோடும் இரண்டு சாட்சிகளோடும் தனிமையில் விடப்பட்டார்கள்.

"அப்ப நாங்க?" என்று வேலிக்கு வெளியிலிருந்து நஃபீஸா கேட்டாள்.

"நீங்க உள்ள வரவே இல்லயே. பிரச்சின இல்ல."

எழுதுவினைஞர் ஒரு பக்கம் பின்னால் புரட்டினார். "சேர், ஒரு கை வந்திருக்கு."

சம்பந்தப்பட்ட வலது கை வளவுக்குள் தனிமைப்படுத்தப்பட வேண்டும் எனவும், எஞ்சிய ஜப்பார் விரும்பிய இடமெல்லாம் நடமாடலாம் எனவும் தீர்மானிக்கப்பட்டது. கையைக் காவல் காக்கப் பொலிஸ்காரரை விட்டுவிட்டு ஜீப் புறப்பட்டது.

ஜப்பார் கையை உள்ளே விட்டபடி கிடுகோடு சாய்ந்து உட்கார்ந்தார். உள்ளே யாரோ அந்தக் கையில் ஒரு துண்டு வட்டிலப்பத்தை வைத்து விரல்களை மூடிவிட்டார்கள். ஸஃப்னாவின் கை என்று அவருக்குத் தெரிந்தது. அந்த நிமிடத்தில் அவருக்கு ஒரு குறையும் இருக்கவில்லை.

அஸர் தொழுகை நேரத்துக்குள் செய்தி பரவி ஊரே வந்துவிட்டது. அழைப்பில்லை என்று கோபித்தவர்களும் வந்தார்கள். தனிமைப்பட்ட கையைப் பார்க்க வேலிப் பொத்தலுக்கு முண்டியடித்தார்கள். ஒருவர் தோளில் ஒருவர் தாடையை வைத்து, கிட்டப் போகாதீங்க, தொற்றிவிடும் என்று ஒருவர் காதில் ஒருவர் இருமிக்கொண்டே சொன்னார்கள்.

பொலிஸ்காரர் உள்ளே நின்று கையை எண்ணினார். ஒன்று. கணக்குச் சரி.