கிழித்த பக்கத்துக்காகச் சம்பந்திக்கு எழுதியது

பெருமதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தியம்மாளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் என் மனைவியும் உடம்பளவில் சௌக்கியம். மற்றதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். தங்கள் மகள் நான்கு நாளாகத் தங்கள் வீட்டில் இருக்கிறாள். ஆராய்ச்சி வேலை இருக்கிறது என்று தங்களிடம் சொல்லியிருப்பாள். வேலையும் இல்லை, ஒன்றும் இல்லை. காரணம் நான். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதாமல் இருந்தால் சாப்பாடு இறங்க மாட்டேன் என்கிறது.

பெண்ணுக்குச் சமூக மானிடவியல் படிப்பு என்று கல்யாணம் பேசும்போதே சொன்னீர்கள். ஏதோ மண்டையோட்டை அளக்கிற சமாசாரம் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டேன். வந்த பிறகுதான் தெரிந்தது, மனிதர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள், எதற்குப் பயப்படாமல் விடுகிறார்கள், ஏன் அப்படி என்று வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற படிப்பாம். எனக்கு ஒரே குஷி. முப்பத்தோரு வருஷம் பெயின்ட் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவன், ஆபத்தைப் பற்றி என்னைக் கேட்காமல் வேறு யாரைக் கேட்பது? தினம் காலையில் அவளை உட்காரவைத்து வகுப்பு எடுத்தேன். பாவம், பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். ஒருநாள் ஒரே ஒரு சந்தேகம் கேட்டாள். வெளியே கிளம்பும்போதெல்லாம் அடுப்பு அணைந்திருக்கிறதா என்று மூன்று தடவை தொட்டுப் பார்க்கிற மாமா, ஹெல்மெட் போடாமல் ஸ்கூட்டரில் கடைக்குப் போவது ஏன் என்றாள். கடை பக்கத்தில்தானே இருக்கிறது என்றேன். அவள் சிரிக்கவில்லை, என் மனைவிதான் சிரித்தாள். அப்புறம் அவள் விளக்கமாகச் சொன்னாள்: யாருமே கணக்குப் போட்டுப் பார்த்துப் பயப்படுவதில்லையாம், எதைக் காப்பாற்ற நினைக்கிறோமோ அதைச் சுற்றித்தான் பயம் சேருமாம், பயத்தைச் சுற்றி வழக்கங்கள் சேருமாம், அடுத்தவன் செய்தால் அதை மூடநம்பிக்கை என்றும் நாம் செய்தால் முன்ஜாக்கிரதை என்றும் சொல்லிக்கொள்வோமாம். என்னைப் போய் மூடநம்பிக்கைக்காரன் என்று சொல்லாமல் சொல்லிவிட்டாளே என்று அன்றைக்கே எனக்குச் சுருக்கென்றது.

இரண்டு நாள் கழித்து அவளுடைய நோட்டு சாப்பாட்டு மேசையில் தண்ணீர் ஜாடிக்குப் பக்கத்தில் கிடந்தது. நனைந்துவிடுமே என்று நகர்த்தினேன், அதுவாகத் திறந்துகொண்டது. அப்படித்தான் எழுதலாம் என்று இருந்தேன். பொய் எதற்கு, நான்தான் திறந்தேன். அதில் இருந்ததை அப்படியே தருகிறேன். ‘வெளியே கிளம்பும்போது இந்த வீட்டுத் தலைவர் அடுப்புக் குமிழை மூன்று முறை தொடுகிறார். பூட்டை ஏழு முறை இழுக்கிறார். நடுவில் யாராவது பேசினால் முதலிலிருந்து தொடங்குகிறார். அதுவரை குடும்பத்தினர் வாசலில் நின்று மௌனம் காக்கின்றனர்.’ கடைசியில் ஒரு வரி. ‘பயப்படுவதுதான் இவர் பாசம் காட்டும் முறை. வேறு முறை இவருக்குத் தெரியாது.’ எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடேறிவிட்டது. என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே என்னை வேடிக்கை பார்த்து எழுதுவதா? நான் பூட்டை இழுப்பது ஐந்து தடவைதான், எண்ணிப் பார்த்தேன், பெண்ணுக்கு எண்ணிக்கையில் அவ்வளவு கவனம் போதாது என்றும் நினைத்துக்கொண்டேன். அந்தப் பக்கத்தைக் கிழித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். இந்த வயதில் திருட்டு.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் என் பழைய மேலாளர் வீட்டு விருந்துக்குக் கிளம்பினோம். நான் யாரென்று காட்டுகிறேன் பார் என்று அடுப்பைத் தொடவில்லை, பூட்டை இழுக்கவில்லை, சாவியைக்கூட மகன் கையில் கொடுத்துவிட்டு விசில் அடித்துக்கொண்டே காரில் ஏறினேன். விசில் முதல் திருப்பம் வரைக்கும்தான் வந்தது. விருந்தில் என் கண்ணுக்கு எரிகிற வீடுதான் தெரிந்தது. கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன். கண்ணாடி மூக்கில்தான் இருந்ததாம், பிறகு மனைவி சொன்னாள். வீட்டுக்கு வந்து நின்ற பிறகுதான் சாவி மகனிடம் இருப்பது உறைத்தது. சமையலறை ஜன்னல் வழியாக அடுப்பை எட்டிப் பார்க்கலாம் என்று வாளியைக் கவிழ்த்து அதன் மேல் ஏறினேன். வாளி மேல் ஏறாதே என்று முப்பத்தோரு வருஷம் ஆயிரம் பேருக்கு வகுப்பெடுத்தவன், சம்பந்தி. வாளி நழுவியது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன், இடுப்பு பெல்ட் ஜன்னல் கொக்கியில் மாட்டிக்கொண்டது. எதிர்வீட்டுத் தையல்காரர் யாரோ திருடன் என்று நினைத்துக் கம்போடு வந்தார், முகத்தைப் பார்த்துவிட்டுக் கம்பை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு மகனுக்குப் போன் செய்தார். அடுப்பு அணைந்துதான் இருந்தது.

எல்லோரும் ஓடி வந்தார்கள். தங்கள் மகள்தான் காலைத் தாங்கிப் பிடித்து என்னை இறக்கினாள். இறங்குகிற நேரத்தில் சட்டைப்பையிலிருந்து அந்தப் பக்கம் அவள் காலடியில் விழுந்தது. அங்கேயே மன்னிப்புக் கேட்டிருந்தால் மனுஷன். நான் அதைப் பொறுக்கிக் கையில் பிடித்துக்கொண்டு கத்தினேன். என் வீட்டில் இருந்துகொண்டே என்னைக் கேலி செய்து எழுதுகிறாயா, இதெல்லாம் ஒரு படிப்பா, உன்னைப் பெற்றவர் இதைத்தான் சொல்லிக்கொடுத்தாரா என்று வாயில் வந்ததையெல்லாம் தையல்காரர் முன்னாலேயே பேசினேன். அவள் முகம் வெளிறிவிட்டது. ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள்.

“மாமா, அந்தப் பக்கத்த மட்டும் குடுத்துடுங்க,” என்றாள்.

நான் அதை நாலாகக் கிழித்துப் போட்டேன். மறுநாள் காலையில் அவள் கிளம்பிவிட்டாள். மகன் என்னோடு பேசுவதில்லை, சாவியை மட்டும் மேசைமேல் வைக்கிறான்.

துண்டுகளைப் பொறுக்கி வைத்திருந்தேன், இன்றைக்கு உட்கார்ந்து ஒட்டினேன். இத்துடன் இணைத்திருக்கிறேன், தயவுசெய்து அவளிடம் கொடுத்துவிடுங்கள். ஒட்டும்போது அந்தக் கடைசி வரியைப் பல தடவை படித்தேன். கேலி என்று எப்படி நினைத்தேனோ தெரியவில்லை. நான் பெற்ற பிள்ளைகூட என்னைப் பற்றி இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவளைத் திரும்பி வரச் சொல்லுங்கள். எத்தனை நோட்டு வேண்டுமானாலும் எழுதட்டும்.

தங்கள் மகளுக்கு என் ஆசிகள். தங்களுக்குச் சொல்ல முகமில்லை, வணக்கம் மட்டும்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன்னால் என் மனைவி அந்தப் பக்கத்தை வாங்கிப் பார்த்தாள். மூலையில் பென்சிலில் பொடியாகத் தேதி போட்டிருக்கிறது. கல்யாணத்துக்கு இரண்டு வருஷம் முன்னால். “ஏங்க, அப்ப இந்தப் பொண்ணு நம்ம வீட்டு வாசலைக்கூட மிதிச்சதில்லையே,” என்றாள். சம்பந்தி, அப்போது அவள் இருந்தது தங்கள் வீட்டில். பூட்டை ஏழு தடவை இழுக்கிறவர் தாங்கள். மாமா, இது நீங்க இல்லை, எங்க அப்பா என்று அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் வாய் அடைத்திருக்கும். என்னிடமும் தையல்காரரிடமும் அப்பாவை விட்டுக்கொடுக்க மனசில்லாமல் அத்தனை வசவையும் வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறாள். அவள் மறைத்ததை நான் தபாலில் அனுப்பக் கூடாது. ஆகையால் இந்தக் கடிதம் தங்களுக்கு வராது. நாளைக் காலைப் பஸ்ஸில் நானே வந்து பக்கத்தை அவள் கையில் கொடுத்து மன்னிப்புக் கேட்கிறேன். எதற்கு வந்தீர்கள் என்று தாங்கள் கேட்டால், சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்பேன். தங்கள் மகள் தங்களைப் பற்றி எழுதிய வரியை என்னைப் பற்றியது என்று நினைத்து இன்றைக்கு ஒருநாள் சந்தோஷமாக இருந்துவிட்டேன். தாங்கள் படிக்கப்போவதில்லை என்றாலும், அதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.