பின்லாந்து முறுக்கு

"சட்னில உப்பு கம்மியா மாப்ள?"

"இல்லை."

"இட்லி கல்லு மாதிரி இருக்கா?"

"இல்லை."

ஜெயராணியின் கையிலிருந்து கரண்டி நழுவியது. அவள் மருமகன் செந்தமிழன் அந்தமானில், போர்ட் பிளேரில் டூரிஸ்ட் கைடு. தமிழ், இந்தி, வங்காளம், ஆங்கிலம் என்று எல்லாவற்றிலும் மூச்சு விடாமல் பேசிப் பிழைக்கிறவன். அவன் வாய்க்கு என்ன வந்தது?

அவன், பாவம், பேசாமல் இருக்கப் பழகிக்கொண்டிருந்தான். மனைவி அகிலாவுக்குப் பின்லாந்தில் நர்ஸ் வேலை. அதே ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் இவனுக்கும் உதவியாளர் வேலை கிடைக்கும்போலிருந்தது. வெள்ளிக்கிழமை வீடியோவில் இன்டர்வியூ. கட்டின பெண்டாட்டியை மொபைலிலேயே பார்த்துப் பார்த்து அவனுக்கு அலுத்துவிட்டது. அந்தத் தவிப்பில், எந்தக் குணத்துக்கு எந்த நாடு பொருந்தும் என்று சொல்லும் டெஸ்ட் ஒன்றை மொபைலில் எழுதிப் பார்த்தான்.

'நீங்கள் கலகலப்பு வகை. பிரேசில் பொருந்தும். பின்லாந்து வேண்டவே வேண்டாம். அங்கே யாரும் தேவையில்லாமல் பேசமாட்டார்கள், ஒட்டி உட்காரமாட்டார்கள்.'

பெண்டாட்டி பின்லாந்தில் இருக்க, பிரேசிலுக்குப் போய் என்ன செய்வது? குணத்தையே மாற்றிவிடுவது என்று முடிவுகட்டினான்.

மத்தியானம் ஜெயராணி நண்டுக் குழம்பு வைத்தாள். பின்லாந்து முறைப்படி அவன் அவளிடமிருந்து எட்டப் போய் உட்கார்ந்து, தலை நிமிராமல் சாப்பிட்டு எழுந்தான். அவளுக்குச் சந்தேகமே போய்விட்டது. இது மாப்பிள்ளை முறுக்கேதான்! கல்யாணத்தில் காட்டாமல் விட்டதை வட்டியோடு இப்போது காட்டுகிறார்.

மறுநாளே அவள் அண்ணன் அழகர்சாமி பாம்பூ பிளாட்டிலிருந்து ஃபெர்ரி பிடித்து சமாதானம் பேச வந்துவிட்டார்.

"என்ன கொறை வச்சோம் மாப்ள? மோதிரமா? மெயின்லேண்டுக்கு ஃபிளைட் டிக்கெட்டா? வாயத் தொறந்து சொல்லுங்க!"

செந்தமிழனுக்கு நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டான். ஆனாலும் பெரியவரைப் புண்படுத்தக் கூடாதே என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னான்.

"பயிற்சி."

அதுவே வினையாகிவிட்டது.

"பயிற்சியா? மௌன விரதமா? ஐயோ அண்ணே, இவரு சாமியாராப் போகப் போறாரு!" என்று ஜெயராணி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

பொழுது சாய்வதற்குள் அவர்கள் குடியிருந்த மின்னி பே முழுக்கச் செய்தி பரவியது. பக்கத்து வீட்டு வங்காளி அம்மாள் எட்டிப் பார்த்து, "பாபா பன் கயா க்யா?" என்று, சாமியாராகவே ஆகிவிட்டாரா என்று இந்தியில் கேட்டுவிட்டு, காலில் விழலாமா என்று யோசித்தாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. வீடியோவில் பின்லாந்து அம்மாளும் ஏஜென்ட் உதயாவும் தெரிந்தார்கள்.

"பனி, இருட்டு, தனிமை. சமாளிப்பீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள் அந்த அம்மாள்.

"சமாளிப்பேன்."

"வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?"

"இல்லை."

கதவைத் தள்ளிக்கொண்டு ஜெயராணி உள்ளே பாய்ந்தாள். மொபைலைப் பிடுங்கினாள்.

"மேடம்ஜி! நீங்களாச்சும் கேளுங்க. மேரா மாப்ள பாத் நஹி கர்தா! பேசவே மாட்டேங்குறாரு! நண்டு வச்சேன், பொடி நண்டுகூட இல்ல, நல்ல ஜோடி நண்டு..."

நண்டில் தொடங்கி, முழங்கால் வலி, அகிலாவின் காதுகுத்து, அண்ணன் வாங்கி ஏமாந்த ஃபிரிட்ஜ் என்று அவள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள். உதயா ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, அந்த அம்மாள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மன்னிக்கவும்" என்றான் செந்தமிழன், அதற்கு மேல் ஒரு சொல் இல்லாமல்.

"நீங்கள் அசல் எங்கள் ஊர்க்காரர் மாதிரியே இருக்கிறீர்கள்" என்றாள் அவள்.

வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்து அவனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அடக்கிவைத்த பேச்சையெல்லாம் அன்று ஒரே மூச்சில் பேசித் தீர்த்தான். அத்தையிடம் நடந்ததைச் சொல்லிச் சமாதானம் செய்தான். தெருவுக்கே ஜிலேபி வாங்கிக் கொடுத்தான்.

சாயங்காலம் உதயா கூப்பிட்டான்.

"தப்பா நெனைக்காதீங்கண்ணே, பேசாத ஆளுங்க அங்க ஏற்கெனவே ஊரு நெறைய இருக்காங்களாம், பெருசுங்ககூட ஒக்காந்து பேசுறதுக்குத்தான் ஆள் தேடுறாங்களாம்; ஒங்க மாமியாருக்குப் பாஸ்போர்ட் இருக்கான்னு கேக்குறாங்க!"