உலகத்திலேயே ஒன்று

ஊர்நோட்டுக்காரர் என்று ஓர் இனம் உண்டு. அந்தக் காலத்தில் எங்கள் அமெரிக்காவில் சிற்றூர் வங்கிகள்கூடத் தங்கள் பெயரைப் போட்டு நோட்டு வெளியிட்டன அல்லவா, அதில் ஒன்றைத் தேடிப் பிடித்து, உறைக்குள் போட்டு, கல்யாண வீட்டிலும் இழவு வீட்டிலும் எடுத்து நீட்டுகிறவர் அவர். செலவழிக்க மாட்டார், விற்க மாட்டார், உங்களைத் தொடவும் விட மாட்டார். பிறகு எதற்கய்யா பணம்? கேட்டுப் பாருங்கள், அன்றைக்குக் காப்பி கிடையாது.

நெப்ராஸ்காவில் எங்கள் டன்னிங் கிரீக்கின் வெர்ன் டிட்மர் இந்த இனத்தின் தலைமகன். எப்போதோ மூடிப்போன உள்ளூர் வங்கியின் பத்து டாலர் நோட்டு அவரிடம் இருக்கிறது. "உலகத்துலயே இது ஒண்ணுதான்" என்பதுதான் அவருடைய காலை வணக்கம். மனைவி நாடீனின் பிறந்தநாளை மறப்பார், அந்த நோட்டில் கையெழுத்துப் போட்ட காசாளரின் பெயரை மறக்கவே மாட்டார்.

ஒரு சனிக்கிழமை அடுத்த வீட்டு லவோன் கையில் ஒரு நோட்டோடு சமையலறைக் கதவைத் தட்டினார்.

"தாத்தாவோட பைபிளுக்குள்ள இருந்துச்சு. உங்களோடது மாதிரியே இல்ல?"

வெர்ன் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். அதே வங்கி, அதே பத்து, ஒரு கசங்கல் இல்லை. 'பத்திரமா வைங்க, ஆயிரக்கணக்குல போகும்' என்று சொல்லியிருக்கலாம். வாய் வர வேண்டுமே!

"இதுவா? சாதாரணப் பத்து டாலர். கடையில குடுத்தா வாங்கிக்குவான்."

"அப்ப உங்களோடது மட்டும் ஒசத்தியா?"

"அது வேற, இது வேற லவோன்."

மறுநாள் சர்ச்சில் காணிக்கைத் தட்டு வந்தது. முன்வரிசையில் இருந்த லவோன் அந்த நோட்டை எடுத்து மடித்தார். நாலாக மடித்தார்! தட்டில் போட்டுப் பின்னால் இருந்த வெர்னிடம் நீட்டினார். வேறு பத்து டாலர் போட்டு அதை மாற்றிக்கொள்ளலாம் என்று வெர்ன் பர்சைத் திறந்தால் ஒரே ஒரு டாலர். பாவி மனம் கேட்குமா? கை தானாகத் தட்டுக்குள் போய் நோட்டை எடுத்துவிட்டது. பாடிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

"என்னங்க இது, தட்டுல போடணும், எடுக்கக் கூடாது!" என்றார் நாடீன்.

லவோன் திரும்பிப் பார்த்தார். "சாதாரணப் பத்து டாலர்தானே வெர்ன்? அவ்வளவு முடையா?"

என்ன சொல்வார்? உண்மையைச் சொன்னால் புளுகர், சொல்லாவிட்டால் திருடர். அதைவிட, உண்மையைச் சொன்னால் உலகத்தில் இரண்டு ஆகிவிடுமே!

"ஆமா லவோன், கொஞ்சம் கஷ்டம்" என்றார்.

திங்கட்கிழமை முதல் ஊரே இரக்கப்பட்டு, பாத்திரத்தோடு சுட்டெடுத்த கேசரோல் சாப்பாட்டை வாசலில் கொண்டுவந்து வைத்தது. நாடீன் அவரோடு பேசுவதில்லை. அவரோ லவோன் கொடுத்த உருளைக்கிழங்குக் கேசரோலைத் தின்றுகொண்டே, வருகிறவர்களிடம் உறையை நீட்டுகிறார்: "உலகத்துலயே இது ஒண்ணுதான்." மற்றது மெத்தைக்கு அடியில் இருக்கிறது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்களிடம் இருப்பதைப் போலவே ஒன்றை அடுத்த வீட்டில் பார்த்துவிட்டு, "ம், சுமாராத்தான் இருக்கு" என்று நீங்கள் கடைசியாகச் சொன்னது எப்போது?