மாப்பிள்ளை கொடுத்த கம்ப்யூட்டருக்குச் சந்தனம்

காரைக்குடி,
செவ்வாய்க்கிழமை.

கோயம்புத்தூரில் சகல சௌக்கியத்தோடும் இருக்கும் அன்பு மாப்பிள்ளை ராமநாதன் அவர்களுக்கு, காரைக்குடியில் உடம்பு சௌக்கியமாகவும் மனசு சௌக்கியமில்லாமலும் இருக்கும் மாமனார் முத்தப்பன் எழுதிக்கொண்டது. உங்கள் மாமியார் தேனம்மை நலம். நீங்களும் என் மகள் சௌபர்ணிகாவும் நலம் என்றே நம்புகிறேன். கையில் போன் இருக்கும்போது இந்த மனிதர் எதற்குக் காகிதத்தில் எழுதிக் கூரியரில் அனுப்புகிறார் என்று நினைப்பீர்கள். போனில் உங்கள் குரலைக் கேட்டால் என் வாய் தானாகப் பொய் சொல்கிறது. இந்தப் பதினோரு நாளில் மூன்று தடவை சொல்லியாகிவிட்டது. காகிதத்தில் அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை.

நம் மரக்கடையில் கதவுக்கு வேலைப்பாடு செதுக்கும் மெஷின், ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு கணம் யோசித்து நின்று, பிறகு அவசரமாகக் கிளம்பி, கஜலட்சுமிக்கு இரண்டு யானை போட வேண்டிய கதவில் ஒன்றரை யானையோடு முடித்துக்கொண்டதை உங்களிடம் சொன்னேன். சாதாரண கம்ப்யூட்டர் நூறு வேலைக்கு நடுவில் மெஷினுக்கும் பதில் சொல்கிறது, அதை ரியல் டைம் கம்ப்யூட்டராக மாற்றிவிட்டால் மெஷின் கேட்ட கணத்திலேயே பதில் போய்விடும் என்று பொறுமையாக விளக்கினீர்கள். விளக்கியதோடு நிற்காமல் புதுக் கம்ப்யூட்டர், அதை மாற்றுகிற சாப்ட்வேர், இருபத்தாறு பக்கத்தில் செய்முறை எல்லாம் அனுப்பி வைத்தீர்கள். கம்ப்யூட்டரின் பின்னால் மேலும் கீழுமாக இரண்டு நெட்வொர்க் ஓட்டைகள். மேல் ஓட்டையில் மெஷினின் மஞ்சள் வயர், கீழ் ஓட்டையில் இன்டர்நெட்டின் நீல வயர். மாற்றும்போது மேல் ஓட்டையை மெஷினுக்கென்றே ஒப்படைத்துவிட வேண்டும், அப்புறம் அதில் இன்டர்நெட் வராது என்று ஒன்பதாம் பக்கத்தில் போட்டிருந்தது. இதையெல்லாம் படித்துச் செய்தவள் தீபலட்சுமி. அரியக்குடிப் பெண், டிப்ளமா படித்தவள், இரண்டு வருடமாக நம் கடையில் மெஷின் ஓட்டுகிறவள். அவள் கைவேலையைப் பார்த்துத்தான் உங்கள் கம்பெனிக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னீர்கள். வருகிற திங்கட்கிழமை அவள் அங்கே சேர்வதாக இருந்தது.

மாப்பிள்ளை அனுப்பிய பொருளைப் பூசை போடாமல் ஓடவிட எனக்கு மனசு வருமா? போன வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்துத் தேங்காய் உடைத்து, சந்தனம் குழைத்து உட்கார்ந்தேன். ஆயுத பூசையில் என் கையிலிருந்து ஒரு ஸ்குரூ டிரைவர்கூடப் பொட்டில்லாமல் தப்பியதில்லை என்று கடையில் எல்லோருக்கும் தெரியும். உங்கள் கம்ப்யூட்டருக்கு இன்னும் தாராளமாகவே வைத்தேன். முன்னால் வைத்தேன், பக்கவாட்டில் வைத்தேன், பின்னால் திருப்பி அந்த இரண்டு ஓட்டைகளுக்கும் வஞ்சகமில்லாமல் ஆளுக்கொரு விரல் அப்பினேன். "ஐயா, அங்குட்டு வேணாம்ய்யா" என்றாள் தீபலட்சுமி. "நீ கம்ப்யூட்டரைப் பாரு, சாமியை நான் பாத்துக்கிறேன்" என்றேன். அவள் வயர்களைச் சொருகிச் செய்முறைப்படி எல்லாம் செய்து, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். மெஷின் அசையவில்லை. அதுவரை வந்துகொண்டிருந்த இன்டர்நெட்டும் நின்றுபோனது. இரண்டு ஓட்டைகளிலும் பச்சை விளக்கு மட்டும் ஒன்றுமே நடக்காதது போலச் சிமிட்டிக்கொண்டிருந்தது. அவள் புது வயர் போட்டாள், நடுவில் புள்ளி வைத்து நாலு எண்ணாக வரும் நெட்வொர்க் முகவரியை அழித்து அழித்து எழுதினாள், பன்னிரண்டு தடவை அணைத்துப் போட்டாள். தேனம்மை பின்கட்டு அடுப்படியிலிருந்து, "கரண்டை நிப்பாட்டிப் போட்டுப் பாத்தீகளா?" என்று ஒன்பது தடவை கேட்டாள். நான் இன்டர்நெட் கொடுக்கும் சத்தியமூர்த்தியை வரவழைத்து, கதவு வாங்க வந்தவர்கள் முன்னாலேயே, "லைனை அறுத்துப் போட்டுட்டு ஊரைச் சுத்துறியா?" என்று கேட்டேன். அந்த மனிதர் நீல வயரைப் பிடுங்கித் தன் லேப்டாப்பில் சொருகிச் சினிமாப் படமே ஓட்டிக் காட்டினார். "லைன் நல்லாத்தேன் இருக்கு. உங்க கம்ப்யூட்டர்தேன் வாங்கிக்க மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த அவமானத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் திரும்பிப் பார்த்தேன், தீபலட்சுமி நின்றாள். தச்சர்கள் ஆறு பேர் கேட்க, "ஒழுங்கா ஓடுன கடையை ஒரே நாள்ல படுக்க வச்சுட்டியே" என்று கத்தினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாளிலிருந்து வரவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலமே நீங்கள் போன் செய்து, "மாமா, மெஷின் எப்படி ஓடுது?" என்று கேட்டீர்கள். பெண்ணைக் கொடுத்த இடத்தில், மாப்பிள்ளை ஆசையாகக் கொடுத்த பொருள் ஓடவில்லை என்று எந்த வாயால் சொல்வது? நான்தான் ஏதோ செய்துவிட்டேன் என்றும் வாய் வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் கிடைத்தவள் அந்தப் பெண்தான். "பொருள் தங்கமான பொருள் மாப்பிள்ளை, அந்தப் பிள்ளைதான் எதையோ அமுக்கிக் கெடுத்துட்டா" என்றேன். நீங்கள், "சரி மாமா, நான் பாத்துக்கிறேன்" என்றீர்கள். அதன் பிறகு இரண்டு தடவை கேட்டபோதும் அதையே சொன்னேன், கொஞ்சம் கூட்டியும் சொன்னேன். உங்கள் ஆபீசிலிருந்து அவளுக்கு இப்போதைக்கு ஆள் தேவையில்லை என்று பதில் போனதை, அவள் அம்மா அக்கம்மாள் வந்து தேனம்மையிடம் அழுதபோதுதான் தெரிந்துகொண்டேன். அடுத்த அறையில் இருந்தேன். வெளியே வரவில்லை.

நேற்று காலை டார்ச் அடித்துக் கம்ப்யூட்டரின் பின்னால் பார்க்கிறேன், இரண்டு ஓட்டைகளிலும் சந்தனம் காய்ந்து ஒட்டிக் கிடக்கிறது. இரண்டு வயரையும் பிடுங்கிவிட்டு, பல் குத்தும் குச்சியால் அரை மணி நேரம் சுரண்டினேன். துடைத்து, முன்பு இருந்தபடியே மஞ்சள் வயரைக் கீழேயும் நீல வயரை மேலேயும் சொருகிச் சுவிட்சைப் போட்டேன். மெஷின் ஓடியது மாப்பிள்ளை! ஓரிடத்தில் நிற்காமல், யோசிக்காமல், முழுதாக இரண்டு யானை. தச்சர்கள் கை தட்டினார்கள். நான் பலகை அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டேன். நான் வைத்த பொட்டுக்கு ஒரு பெண்ணின் வேலையைக் காவு கொடுத்திருக்கிறேன். தேனம்மை வந்து பார்த்துவிட்டு, "இத மாப்பிள்ளைக்குச் சொல்லுவீகளா, மாட்டீகளா?" என்றாள். "சொல்றேன்" என்றேன். "எப்ப?" என்றாள். அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தக் கடிதம்.

ஆகவே மாப்பிள்ளை, தீபலட்சுமி மேல் ஒரு குற்றமும் இல்லை. எல்லாக் குற்றமும் என் விரலில்தான் இருக்கிறது. அவளைத் திங்கட்கிழமையே சேர்த்துக்கொள்ளும்படி கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள், சௌபர்ணிகாவிடம் மட்டும் கொஞ்சம் குறைத்துச் சொல்லுங்கள். நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல் நூறு வயது வாழ நம் குலதெய்வம் துணையிருக்கட்டும்.

வெட்கத்துடனும் ஆசிகளுடனும்,
முத்தப்பன்

பின்குறிப்பு: கவரை ஒட்டும் முன்னால் இதை அரியக்குடிக்கு எடுத்துப் போனேன். நேரில் மன்னிப்புக் கேட்க நாக்கு எழாது, அவளே படித்துக்கொள்ளட்டும் என்று தீபலட்சுமி கையில் கொடுத்தேன். படித்துக்கொண்டே வந்தவள் மஞ்சள் வயர் வந்த இடத்தில் நின்றுவிட்டாள்.

"ஐயா, மஞ்சளைக் கீழயா சொருகுனீக?"

"ஆமாம்மா, முன்னாடி இருந்த மாதிரியே."

"முன்னாடி அது மேலதான்ய்யா இருந்துச்சு. சந்தனம் அடைச்சிருந்தா பச்சை லைட்டே எரிஞ்சிருக்காதுய்யா." அந்த வரியை விரலால் தொட்டு மறுபடி படித்தாள். "மேல் ஓட்டைய ஒப்படைக்கிறதுக்குப் பதிலா நான் கீழ் ஓட்டைய ஒப்படைச்சிருக்கேன். அதான் மெஷினும் ஓடல, இன்டர்நெட்டும் போயிருச்சு. நீங்க வயரை மாத்திச் சொருகவும் ரெண்டும் வந்துருச்சு. தப்பு என்னோடதுதான்ய்யா."

எனக்கு உடனே என்ன தோன்றியது தெரியுமா மாப்பிள்ளை? "சத்தம் போடாதே, கடிதம் இப்படியே போகட்டும், யாருக்குத் தெரியப் போகுது?" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டாள். "வேணாம்ய்யா, இதையும் எழுதுங்க. அவுக அங்க இதே வேலையைத்தானே எனக்குக் கொடுக்கப் போறாக. தெரிஞ்சுக்கிட்டுக் கொடுக்கட்டும்."

எழுதிவிட்டேன். ஆக, மேலே கண்ட காரணங்கள் எல்லாம் தப்பு, நான் போனில் சொன்ன பொய் கடைசியில் மெய்யாகப் போய்விட்டது. ஆனாலும் வெட்கம் குறையவில்லை, கூடித்தான் இருக்கிறது. எனக்குப் போவதற்கு ஒன்றுமில்லை, பதினோரு நாள் மறைத்தேன். அவளுக்குப் போவது வேலை, ஒரு நிமிடம்கூட மறைக்கவில்லை. அதனால் அவளை எடுத்துக்கொள்ளுங்கள் என்று இனிமேல் கும்பிட்டுக் கேட்கப் போவதில்லை. எடுக்காவிட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான், உங்களுக்கு விவரம் அவ்வளவுதான் என்றே நினைத்துக்கொள்வேன். "மாப்பிள்ளைக்கு இப்படியா எழுதுவாக, கடைசி வரியை அடிச்சுருங்கய்யா" என்று பக்கத்தில் நின்று பதறுகிறாள். அடிக்கவில்லை.