குறை காணும் உரிமம்

தருக்கபுரி என்றொரு நாடு இருந்தது. அங்கே அரசைக் குறை சொல்ல எவருக்கும் தடையில்லை; குறை காணும் தேர்வில் தேறி உரிமம் வாங்கியிருந்தால் போதும். தேறாதவரிடம் மனு வாங்கும் அதிகாரிக்கு வேலை போய்விடும்.

அந்த ஆண்டு ஏரி மதகை அரசு மூடிவிட்டது. உழவுப் பெண் மங்கைபாகியின் வயலில் நெல் பால் பிடிக்கும் நேரம். பத்து நாளுக்குள் தண்ணீர் வராவிட்டால் அத்தனையும் பதர்தான். மனுவோடு ஓடினாள். "முதலில் தேர்வு" என்றார்கள்.

வினாத்தாளைப் பிரித்துப் படித்தாள். 'மதகைத் திறக்கக் கோரி மனு ஏதும் வரவில்லை. ஆகவே தண்ணீர் எவருக்கும் தேவையில்லை. இவ்வாதம் எவ்வகையில் குறையுடையது?' கீழே நான்கு விடைகள், ஒவ்வொன்றும் முழ நீளம். 'போதிய காரணத்தை இன்றியமையாக் காரணமாகக் கொண்டு மயங்குகிறது' என்றது ஒன்று. மூன்றாவதை ஐந்து முறை வாசித்தாள்: 'ஒன்றுக்குச் சான்று கிடைக்காமையையே, அது இல்லை என்பதற்குச் சான்றாகக் கொள்கிறது.' அட, கேட்கவிடாமல் வாயைக் கட்டிவிட்டு யாருமே கேட்கவில்லை என்கிறார்கள்! இதைச் சொல்லவா இத்தனை சுற்று? மூன்றைக் குறித்தாள். எட்டாம் நாள் உரிமம் கைக்கு வந்தது.

மதகு அமைச்சர் நெடுமொழியார் மனுவை நிதானமாகப் படித்தார்.

"அம்மணி, உமது தேர்ச்சி நாட்டுக்கே பெருமை. ஆயினும் இத்தகைய வினாவை விளங்கிக்கொள்ளத் தெளிந்த மனம் வேண்டும். தண்ணீரின்றித் தவிப்பவருக்குத் தெளிந்த மனம் இராது. உமக்கோ வினா விளங்கியிருக்கிறது. ஆகவே உமக்குத் தண்ணீர்த் தட்டுப்பாடு இல்லை. மனு தள்ளுபடி."

"ஐயா, எனக்கு விளங்கிட்டா வயலு நனைஞ்சிருமா? இன்னும் ரெண்டே நாளுதான் இருக்கு. ஒரு எட்டு வந்து பாருங்கய்யா!"

"என் வாதத்தில் குறை இருப்பின் தாராளமாகச் சுட்டலாம். உரிமம் பெற்றவராயிற்றே. நான்கு விடைகளில் எது?"

"விடை எங்கய்யா இருக்கு?"

"இன்னும் அச்சாகவில்லை. அடுத்த தேர்வுக்குள் அச்சாகிவிடும்."

நெல் பதராய்ப் போனது. உரிமமும் ஓராண்டில் காலாவதியானது.

மறு ஆண்டும் மதகு திறக்கவில்லை. மங்கைபாகி மறுபடி தேர்வெழுத உட்கார்ந்தாள். சொன்னபடியே அமைச்சரின் வாதம் முதல் வினாவாக வந்திருந்தது. இந்த முறை விடைகளில் சுற்றி வளைப்பே இல்லை. நான்கையும் படித்தாள். நம்பமுடியாமல் திரும்பவும் படித்தாள். நான்கிலும் ஒன்றேதான் இருந்தது: 'குறை இல்லை.'

கண்காணிப்பாளர் மணியடித்து அறிவித்தார்: "நான்கில் எதை வேண்டுமானாலும் அவரவர் விருப்பப்படி சுதந்திரமாகத் தேர்ந்தெடுக்கலாம்."